குளிரின் கடைமடை

சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, திருவையாற்றுப் பக்கத்திலிருந்து நாங்கள் பதினொரு பேர் ஒரு வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். தை மாதக் கடைசி. மறுநாள் விடியுமுன்பே ஏரியைச் சுற்றி நடக்கக் கிளம்பினோம். மேடு பள்ளம் அதிகமில்லாத சாலை. ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். குழந்தைகளும் நடந்துவிடுவார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரையை ஒட்டிய புல்வெளி முழுக்க வெள்ளை. என் பெரியப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். வயலைத் தவிர வேறு தொழில் அறியாதவர். சாலையை விட்டு இறங்கிக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, வேதாரண்யத்து உப்பை அள்ளிக் கொட்டினாப்ல கிடக்கு?"

கிள்ளி உள்ளங்கையில் வைத்தார். தண்ணீராகிப் போனது.

ஏரியை விட்டு மேடேறி, கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை இருக்கும் பக்கம் நடந்தோம். வெயில் இன்னும் வரவில்லை. ஆனால் வழியோரப் புல் பச்சையாகவே இருந்தது. பெரியப்பா காதை மூடியிருந்த மப்ளரைத் தளர்த்திவிட்டு நின்றார். "மேல போகப் போகக் குளிரும்னுதானே சொன்னே? கீழ ஏரிகிட்ட நடுங்குச்சு. இங்க வந்தா தேவலாம் போல இருக்கு. அது எப்படிப்பா?"

நல்ல கேள்வி. குளிர்காலத்தில் மலைப்பாதையில் நடக்கும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மேலே போனால் குளிரும் என்பதும் உண்மை, பள்ளத்தில்தான் அதிகம் குளிர்ந்தது என்பதும் உண்மை. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

முதலில் மேலே போனால் ஏன் குளிர்கிறது என்பதைப் பார்ப்போம். எங்கள் ஊர்ப்பக்கம் இதை நேரில் உணர வழியே கிடையாது. மலை என்று பெயர் வைத்திருப்பது சுவாமிமலை ஒன்றுதான். அதுவும் கட்டுமலை, 60 படி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அதன் உச்சியில் காற்று, தரையில் இருப்பதைவிட சராசரியாக 0.4 டிகிரிதான் குளிர்ந்திருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது கணக்கு. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்தால் 13 டிகிரி வரும். ஜனவரியில் தஞ்சையின் விடியற்காலைக் குளிர் சராசரியாக 21 டிகிரி, கொடைக்கானலில் 8 டிகிரியை ஒட்டி. வாய்ப்பாடு சொன்னபடியே இருக்கிறது.

சூரியனுக்கு 2 கிலோமீட்டர் பக்கத்தில் போயும் ஏன் குளிர வேண்டும்? காற்றை நேராகச் சூடாக்குவதில் வெயிலின் பங்கு குறைவு. வெயில் தரையைச் சுடுகிறது, தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே கிளம்புகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது. விரிவதற்குச் செலவாகும் ஆற்றல் அதன் சொந்த வெப்பத்திலிருந்து போகிறது, அதனால் குளிர்கிறது. சைக்கிள் டியூப்பின் வால்வைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சீறிக்கொண்டு வரும் காற்று சில்லென்று இருக்கும். அதே டியூப்புக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். மலைக் குளிர் என்பது வால்வில் வரும் சில்லிப்பின் பெரிய வடிவம்.

இது பகலுக்கும், ஆண்டு முழுதுக்குமான சராசரிக்கும் பொருந்தும் கணக்கு. காற்று அடங்கிய, மேகமில்லாத தை மாத இரவில் கதை மாறிவிடும். அந்த இரவைப் புரிந்துகொள்ளக் கொடைக்கானல் போக வேண்டியதே இல்லை, எங்கள் வயல் வரப்பு போதும்.

தமிழில் பனி என்பது ஒரே சொல். புல்லில் திரளும் துளியும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, கொடைக்கானலில் கண்ட வெள்ளை உப்பும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. வேறுபடுத்த வேண்டுமானால் பனித்துளி, மூடுபனி, உறைபனி என்று முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்துக்கொள்கிறோம். ஆண்டை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் அதில் இரண்டு பங்கைப் பனிக்கே கொடுத்தார்கள்: மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி. ஒரே சொல்லாக இருப்பது அறிவியலுக்கு இடைஞ்சல் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துளி, மூட்டம், உறைபனி மூன்றுமே பெரும்பாலும் ஒரே வேலையின் மூன்று விளைவுகள். இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்பதே அந்த வேலை.

எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் வரவு அதிகம், இரவில் செலவு மட்டும். மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று, போகும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். மேகம் இல்லாவிட்டால் வெப்பம் நேரே போய்விடும். புல்லின் இலை, வைக்கோல், தகரக் கூரை, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் இருக்கை போன்றவை அடியிலிருந்து வெப்பம் ஏறி வர வழியில்லாத மெல்லிய பொருட்கள். அவைதான் முதலில் குளிரும், சுற்றியுள்ள காற்றையும் விடக் குளிரும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். குளிர்ந்த இலையைத் தொடும் காற்று தானும் குளிர்ந்து, தாங்க முடியாத மிச்சத்தை இலைமேல் விடுகிறது. இப்படி விடத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். வாடைக்காற்று வீசினால் பனி பிடிக்காது என்று ஊரில் சொல்வதும் சரிதான். காற்று அடித்தால் இலைக்கு மேலிருந்து வெப்பம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், இலை அந்த அளவுக்குக் குளிராது.

பனி மேலிருந்து விழுவதில்லை. இதைச் சோதனை செய்து நிறுவியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். 1814-இல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரே எடையுள்ள கம்பளிப் பஞ்சுத் துணுக்குகளை ஒரு பலகையின் மேலும் அடியிலும் திறந்த வெளியிலும் இரவெல்லாம் வைத்து, காலையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பார். வானம் பார்த்த பஞ்சு அதிகம் நனைந்திருக்கும், வானத்தை மறைத்து வைத்தது குறைவாக நனைந்திருக்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பனி இருக்காது என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதிலிருந்து ஒரு விதியைத் தேடி அந்த மனிதர் இரவிரவாகத் தராசோடு நின்றிருக்கிறார்.

'தலையில் பனி இறங்கும், துண்டைப் போட்டுக்கோ' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பனி இறங்குவதில்லை என்றாலும் துண்டு போடச் சொன்னது முழுக்கச் சரி. வானம் பார்த்து நிற்கும் தலையும் இலையைப் போலவே வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. துண்டு அந்தப் போக்கைத் தடுக்கும் கூரை.

இனி ஏரிக்கரை உறைபனிக்கு வருவோம். அன்று காலை கைப்பேசி காட்டிய வெப்பநிலை 4 டிகிரி. தண்ணீர் உறைவது சுழியத்தில். பிறகு எப்படிப் புல்லில் பனிக்கட்டி? வானிலை நிலையங்களின் வெப்பமானி ஆள் மார்பு உயரத்தில், நிழற்பெட்டிக்குள் இருக்கும். அது காட்டுவது காற்றின் வெப்பம். வானம் பார்த்துக் கிடக்கும் புல், அதைவிட நாலைந்து டிகிரி கீழே போய்விடும். இந்தியர்கள் இதைத் தொழிலாகவே செய்திருக்கிறார்கள். 1775-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத்தில் பனிக்கட்டி தயாரிக்கும் முறையை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். தரையில் ஆழமில்லாத குழி வெட்டி, கரும்புச் சக்கையும் சோளத்தட்டையும் பரப்பி, அதன்மேல் மெருகேற்றாத சிறு மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு இறங்காத தெளிந்த இரவுகளிலும் விடியும்போது தட்டில் பனிக்கட்டி இருக்கும். ஆவியாவதால் கொஞ்சம், வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்ததால் மிச்சம். அடியில் பரப்பிய சக்கையும் சோளத்தட்டையும் தரையிலிருந்து வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொண்டன. ஆக, 'குறைந்தபட்சம் 4 டிகிரி' என்று செய்தியில் படித்துவிட்டுப் போகிறவர், காலடியில் சுழியத்துக்குக் கீழே இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

இங்கேதான் பெரியப்பாவின் கேள்விக்குப் பதில். அதை அவருக்குச் சொல்ல நான் பாசனத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

குளிர்ந்த தரையைத் தொட்ட காற்று தானும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சமதளத்தில் அது இருந்த இடத்திலேயே படுத்துக்கிடக்கும். போகியன்று எரித்த புகை வீட்டுக்கூரை உயரத்தில் விரிப்பு விரித்தது போல மிதப்பதைப் பார்த்திருப்போம். கீழே குளிர்காற்று, மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்று என்று தலைகீழாக அடுக்கப்பட்டிருப்பதால் புகை மேலேற முடியவில்லை. இதே காற்று மலைச்சரிவில் இருந்தால் படுத்துக்கிடக்காது, தண்ணீரைப் போல ஓடும். சரிவுகளில் இருந்து சிறு ஓடையாக இறங்கி, பள்ளத்தாக்கில் கூடி, அடியில் தேங்கும். வேகம் அதிகமில்லை, நாம் மெல்ல நடக்கும் அளவுதான். வழியில் அடர்ந்த வேலி குறுக்கே இருந்தால் வரப்பில் தண்ணீர் நிற்பது போல அதன் மேற்புறம் குளிர் தேங்கும். கொடைக்கானல் ஏரி, 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஒரு சதுப்புப் பள்ளத்தில் ஓடைகளுக்கு அணைகட்டி உண்டாக்கியது. ஓடைநீர் வந்து சேரும் பள்ளம் என்றால் இரவில் குளிர்காற்றும் வந்து சேரும் பள்ளம்தான். ஜிம்கானா, பாம்பார்புரம் என்று ஆண்டுதோறும் உறைபனிச் செய்திகளில் அடிபடும் பெயர்கள் இருக்கின்றன. சுற்றிலும் மேடு இருந்து நடுவில் திறந்த புல்வெளி இருக்கும் இடங்களைத்தான் உறைபனி தேடிப் பிடிக்கும்.

கோக்கர்ஸ் வாக் அதற்கு எதிர். 1872-இல் கோக்கர் என்ற லெப்டினன்ட் அமைத்த, ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத நடைபாதை. மலையின் விளிம்பை ஒட்டிப் போகிறது. ஒரு பக்கம் நேரே சமவெளிக்கு இறங்கும் சரிவு. அங்கே உண்டாகும் குளிர்காற்று தங்குவதில்லை, வழிந்து கீழே போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப மேலேயிருந்து குளிராத காற்று வருகிறது.

"அப்ப ஏரி குளிரோட கடைமடை" என்றார் பெரியப்பா.

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு வித்தியாசம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி டெல்டாவின் கடைமடை வயல்களுக்குப் போய்ச் சேர்வது ஆண்டுதோறும் பெரும்பாடு. குளிருக்கு அந்தப் பாடு இல்லை. தலைமடையில் யாரும் அடைத்துக்கொள்ளாததால் வந்தது முழுக்கக் கடைமடைக்கே போகும்.

இந்தக் கடைமடைக் கணக்கைத் தாவரங்களும் வைத்திருக்கின்றன. பழனி மலையிலும் நீலகிரியிலும் உயரமான இடங்களில் சோலைக்காடு மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்கும், சுற்றிலும் புல்வெளி பரந்து கிடக்கும். ஏன் காடு புல்வெளிக்குள் பரவவில்லை? திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கொன்றுவிடுகிறது என்று வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் 1938-இல் எழுதினார். காட்டுக்குள் மரத்தின் விரிந்த தலை வானத்தை மறைத்துக் கூரையாக நிற்கிறது, கன்று பிழைக்கிறது. வெல்ஸ் பலகைக்கு அடியில் வைத்த பஞ்சுக்கும் இந்தக் கன்றுக்கும் ஒரே பாதுகாப்புதான். தீயும் மேய்ச்சலும் மண்ணும் இதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்ற விவாதம் நீண்டது. உறைபனிக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பது கடினம். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளால் மூடி வைக்கிறார்கள். அதுவும் ஒரு கூரை. உறைபனி பட்ட தேயிலையும் உருளைக்கிழங்குச் செடியும் வெயில் ஏறியதும் தீயில் வாட்டியது போலக் கருகிவிடும். இலைக்குள் உண்டாகும் பனிக்கட்டி செல்லிலிருந்து நீரை உறிஞ்சிவிடுவதால் வரும் கருகல் அது.

எங்கள் டெல்டாவில் உறைபனி ஏன் வருவதில்லை? தாழ்வான, வெப்பமான பகுதி என்பது முதல் காரணம். காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் இரண்டாவது காரணம். நீராவியே அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு போர்வை. தவிர, ஒவ்வொரு கிராம் நீராவியும் துளியாகும்போது சுமார் 2,500 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. பனி பிடிக்கத் தொடங்கியதும் குளிர்வது மட்டுப்படும். கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை விலகிய பிறகு காற்று வறண்டுபோகும். அந்தப் போர்வையும் இல்லை, அந்த வெப்பமும் இல்லை. தை பனி தரையைத் துளைக்கும், மாசி பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியில் இந்த வரிசை ஒளிந்திருக்கிறது. ஆண்டின் மிகக் குட்டையான பகல் மார்கழித் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. ஆனால் மழை மேகம் முழுக்க விலகி வானம் சுத்தமாவது தையில்தான். மேலே பார்த்துக் கிடக்கும் மச்சு, இரவெல்லாம் வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்கிறது.

பனியை நம்பி விளையும் பயிர் என்று உளுந்தைச் சொல்வார்கள். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள் ஈர மண்ணில் விதைத்துவிடுவோம். அதற்குப் பிறகு பெரும்பாலும் பாசனம் கிடையாது. அளந்து பார்த்தால், நன்றாகப் பனி கொட்டிய ஓர் இரவில் சேரும் நீர் அரை மில்லிமீட்டர் மழையை எட்டுவதே அரிது. உளுந்தை வளர்ப்பது பெரும்பாலும் களிமண்ணில் மிஞ்சிய ஈரம்தான். பனி காலையில் சில மணி நேரம் இலையை நனைத்து வைத்து, அந்த ஈரம் செலவாவதைத் தள்ளிப்போடுகிறது. அதே பனி நெல்லுக்குக் கெடுதலும் செய்யும். இலை பல மணி நேரம் நனைந்தே கிடந்தால் குலைநோய்ப் பூசணம் முளைத்து உள்ளே இறங்கும். அறுவடை இயந்திரம் காலையில் பனி காயும்வரை வரப்போரம் காத்து நிற்பதும், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என்ற கவலையோடு நெல்லைச் சாலையில் கொட்டிக் காய வைப்பதும் எங்கள் தை மாதத்து அன்றாடம்.

சரி, நடையாளருக்கு வருவோம். தை, மாசியில் மலைப்பாதையில் காலை நடை போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நிழலை. வெயில் பட்ட இடத்தில் உறைபனி சீக்கிரம் கரையும், பாதையின் நிழல் விழும் திருப்பங்களில் எட்டு ஒன்பது மணிக்கும் கிடக்கும். கல் பாவிய படியில் கரையத் தொடங்கும் உறைபனிதான் மிகவும் வழுக்கும், ஏனென்றால் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் அப்போது இருக்கும். தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு இறங்கக் கூடாது. மேடேறும்போது வியர்க்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு காட்சிமுனையில் நின்றால் ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி கதகதப்பது அதன் இழைகளுக்குள் காற்று சிக்கி நிற்பதால். ஒரு கனத்த கோட்டைவிட, கழற்றவும் போடவும் தோதாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். கழற்ற வேண்டியது வியர்ப்பதற்கு முன்பு, போட வேண்டியது நின்றவுடன்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 78 பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி அதே அளவு குறைவு. சமவெளியில் நாலு மைல் அலுக்காமல் நடப்பவர் அங்கே சின்ன ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் பயப்பட ஒன்றுமில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மட்டும் விடியற்காலைக் குளிரில் இறங்காமல் வெயில் வந்தபின் நடப்பது நல்லது. குளிர்காற்று ரத்தக்குழாய்களையும் மூச்சுக்குழலையும் சுருக்கும். அழுத்தம் குறைந்ததால் தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பொன்னி அரிசிச் சோறு வேக நேரமாகும். குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் கூடாது. காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதில்லை என்று நினைப்பதும் தவறு. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற கணக்கில் புறஊதாக் கதிர் கூடுகிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நடந்து களைத்து வந்து, குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை எடுத்து வைத்துக் கதவைச் சாத்திப் படுத்துவிடாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைவாழிடங்களில் குளிர்காலத்தில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் குளிரைவிட இந்தப் புகைதான் என்பது என் எண்ணம். கூடாரம் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கூடாரத்தை ஓடைக்கரைப் பள்ளத்தில் போடாமல், கொஞ்சம் மேடேறிச் சரிவில் போட்டாலே சில டிகிரி குளிர் மிச்சமாகும். அப்போது கரியின் தேவையும் குறையும்.

மதியத்துக்கு மேல் மலையில் வேறொரு பனி வரும். எங்கள் ஊர் மூடுபனி தரையில் பிறப்பது, வெயில் ஏறினால் கலைவது. கொடைக்கானலில் மதியம் வருவது மேகமே. வெயிலில் சூடான சமவெளிக் காற்று சரிவில் ஏறி, ஏற ஏற விரிந்து குளிர்ந்து, விளிம்பை எட்டும்போது மேகமாகி நம் மேல் கவிகிறது. வெயில் ஏறுவது எங்கள் பனியைக் கலைக்கிறது, அவர்கள் பனியைக் கொண்டுவருகிறது. பத்து நிமிடத்தில் எதிரே வருபவர் தெரியாமல் போகலாம். அப்போது விளிம்புக் கம்பியை விட்டு உள்பக்கமாக நின்றுவிடுவதுதான் வழி.

அந்த மேகம் ஒரு பரிசும் தரும். கோக்கர்ஸ் வாக்கில் வெயில் முதுகில் பட, மேகம் எதிரே கீழே கிடந்தால், சில நேரம் உங்கள் நிழல் மேகத்தின் மேல் பெரிதாக விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள் தெரியும். ஜெர்மனியில் இது அடிக்கடி தெரியும் ஒரு சிகரத்தின் பெயரால் இதைப் பிராக்கன் உருவம் என்கிறார்கள். பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும். மேகத்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், அந்தந்தக் கண்ணுக்கு அந்தந்த வளையம். 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இப்படி ஒரு வளையத்தைக் கண்டு மயங்கிய சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர், அதைச் சோதனைச்சாலையில் செய்துபார்க்கக் கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் உண்டாக்கத் தொடங்கினார். அது மேகக் கலம் என்னும் கருவியாகி, அணுத்துகள்களின் தடத்தை முதன்முதலாகக் கண்ணுக்குக் காட்டியது. 1927-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. மாலை வரை நின்றும் மேகம் சரியான உயரத்தில் வரவில்லை.

ஆனால் அதன் உடன்பிறப்பு எங்கள் வயலிலேயே இருக்கிறது. மார்கழியில் சம்பா கதிர் வாங்கும் பருவத்தில், வெயில் கிளம்பிய அரை மணிக்குள் வரப்பில் கிழக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் நீண்ட நிழல் பயிர்மேல் விழும். நிழலின் தலையைச் சுற்றி வெண்மையான ஒளி தெரியும். உடலைச் சுற்றித் தெரியாது, பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றியும் தெரியாது. நெல்லின் இலையில் தண்ணீர் பரவாது, உருண்டையாக நிற்கும். ஒவ்வொரு துளியும் ஒரு சிறு பூதக்கண்ணாடியாக வெயிலை இலைமேல் குவித்து, அங்கிருந்து சிதறும் ஒளியை வந்த திசைக்கே திருப்புகிறது. பக்கத்திலேயே இன்னொன்றையும் பாருங்கள். இலை நுனியில் மட்டும் முத்துப்போல ஒரு துளி நின்றால் அது பனி இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உறிஞ்சிய நீர் அழுத்தம் தாங்காமல் நுனி வழியாகக் கசிந்தது. மேகம் மூடி, பனி பிடிக்காத இரவுக்குப் பிறகும் அந்தத் துளி நிற்கும்.

பனி காய்ந்தால் அந்த ஒளி போய்விடும். பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டு வெயில் கிளம்பும்போதே வரப்புக்குப் போய்விடுங்கள்.